பள்ளிக்கூடத்துத் தடுப்பூசிச் சீட்டும் பெற்றோரின் அமானிதமும்

பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். அஸர் நேரத்தில் வீடு திரும்பும் பிள்ளை பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து உம்மாவின் கையில் கொடுக்கும். இன்ன தேதியில் பள்ளியில் தடுப்பூசி போடப்படும், பெற்றோர் சம்மதித்துக் கையொப்பமிட்டு அனுப்பவும் என்று அதில் கண்டிருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பின் அதைப் பற்றிப் பேச்சு எழும்.

"நல்லா ஓடி விளையாடுற புள்ளைக்கு எதுக்கும்மா ஊசி? நோயும் சுகமும் அல்லாஹ் தர்றது" என்பார் வாப்பும்மா. மாமா தம் கைபேசிக்கு வந்த ஒரு செய்தியைக் காட்டி, "இதுல பன்றியோடது கலந்திருக்காம். பின்னால புள்ளை பிறக்காமப் போயிடுமாம்" என்பார். துபாயிலிருந்து பேசும் வாப்பா, "ஆலிம்சாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்று சொல்லி வைத்துவிடுவார். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வேன் வாசலில் வந்து நிற்கும்போது, அவசரத்தில் அந்தச் சீட்டின் மேல் ஒரு வரி எழுதப்படும்: "எங்கள் மார்க்கத்தில் கூடாது, ஆகவே சம்மதமில்லை."

அன்புச் சகோதரர்களே! தாய்மார்களே! அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்மாதம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. சம்மதம் கொடுப்பதும் மறுப்பதும் ஒரு பக்கம் இருக்கட்டும். "மார்க்கத்தில் கூடாது" என்று எழுதும்போது நாம் அல்லாஹ்வின் தீனைச் சாட்சிக்கு அழைக்கிறோம். அந்தச் சாட்சி உண்மையானதுதானா என்று விசாரித்துக் கொள்வது நம்மீது கடமையல்லவா?

மருந்தும் தவக்குலும்

நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு விரோதம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வழிமுறை அப்படியல்ல. அல்லாஹ் இறக்கிய எந்த நோய்க்கும் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்ற கருத்தில் ஹதீஸ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. வைத்தியம் செய்து கொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்கு, செய்து கொள்ளுங்கள் என்றே அவர்கள் விடையளித்ததாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். கட்டுவதும் சுன்னத்து, பொறுப்புச் சாட்டுவதும் சுன்னத்து. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுவிட இடமில்லை.

நோய் வந்தபின் மருந்து சரி, வருமுன் எதற்கு என்று கேட்பாரும் உண்டு. காலையில் ஏழு அஜ்வா பேரீச்சம்பழம் உண்பவருக்கு அன்றைய தினம் விஷமும் சூனியமும் தீங்கு செய்யாது என்ற ஹதீஸை எடுத்துக்காட்டி, தீங்கு வருமுன் காத்துக்கொள்வதும் ஆகுமானதே என்று உலமாப் பெருமக்கள் விளக்கியுள்ளனர். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியும் வருமுன் காக்கும் ஏற்பாடே ஆகும்.

ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் கண்டிருக்கிறது என்று வழியில் கேள்விப்பட்டு, ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் பதில் கூறினார்கள். நோயும் அவன் விதித்ததே, காப்பும் அவன் விதித்ததே. வாப்பும்மா சொன்னதில் பிழையில்லை. அதில் பாதி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தொற்று என்பது இல்லை என்ற ஹதீஸைச் சிலர் ஆதாரம் காட்டுவர். அதே நபி (ஸல்) அவர்கள்தாம் குஷ்டரோகியை விட்டுச் சிங்கத்தைக் கண்டு விலகுவதுபோல் விலகச் சொன்னார்கள். நோயுள்ள ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றோடு சேர்க்க வேண்டாம் என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த அறிஞர்கள், நோய் தன் சுயசக்தியால் தொற்றுவதில்லை, அல்லாஹ்வின் நாட்டத்தால் ஒரு காரணத்தின் வழியாகத் தொற்றுகிறது என்று பொருள் கூறினர். காரணத்தைத் தடுப்பதற்கு அதில் விலக்கு ஏதுமில்லை.

1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, மருத்துவம் பற்றிய தன் 67-வது தீர்மானத்தில், வைத்தியம் செய்யாமல் விடுவதால் உயிரோ உறுப்போ போய்விடும் என்றாலும், நோய் பிறரைத் தொற்றித் தீங்கு செய்யும் என்றாலும் வைத்தியம் செய்து கொள்வது வாஜிபு என்று கூறியது. தொற்று நோய்களிலும் தடுப்பு மருந்துகளிலும் ஆட்சியாளர் கட்டாயப்படுத்தவும் உரிமை உண்டு என்றும் அதே தீர்மானம் சொல்கிறது.

ஹராமான பொருள் கலந்திருந்தால்?

இதுதான் நம் வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கேட்பது நியாயமே. ஹலாலைத் தேடுவது முஃமினுக்கு அழகு. ஆனால் விவரம் அறிந்து கேட்க வேண்டும்.

எல்லாத் தடுப்பூசியிலும் ஜெலட்டின் கிடையாது. குழந்தைக்கு ஒன்றரை மாதத்திலிருந்து போடும் ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியிலும், பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டி.டி. ஊசியிலும் அது சேர்ப்பதில்லை. தட்டம்மை ஊசிகள் சிலவற்றில் உயிருள்ள கிருமி வெப்பத்தில் கெடாமலிருக்க ஜெலட்டின் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. அது பன்றியிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

இதில் ஃபுகஹாக்களின் வழி இரண்டு. ஒரு பொருள் அடியோடு மாறி வேறு பொருளாகிவிட்டால் அதன் சட்டமும் மாறிவிடும் என்பது ஹனஃபி மத்ஹபில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. 1995-ல் குவைத்தின் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞானக் கழகம் கூட்டிய ஆலிம்கள், மருத்துவர்கள் அடங்கிய கருத்தரங்கு இவ்வடிப்படையில் ஜெலட்டினை அனுமதித்தது. ஷாஃபிஈ மத்ஹபு இவ்விஷயத்தில் கண்டிப்பானது. இந்த மாற்றத்தை இலகுவில் ஏற்காது. ஆனால் அதே ஷாஃபிஈ மத்ஹபில், சுத்தமான மாற்று மருந்து கிடைக்காதபோது, போதைப் பொருள் அல்லாத அசுத்தமான பொருளைக் கொண்டு வைத்தியம் செய்ய அனுமதி உண்டு என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

இதற்கு நம் காலத்துச் சான்று ஒன்று உண்டு. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவில், இந்தியாவில் தயாரான தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பற்றிக் கேள்வி எழுந்தது. அந்நாட்டு உலமா சபை 2018 ஆகஸ்டில் 33-ம் எண் ஃபத்வாவை வெளியிட்டது. அதில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்பட்டிருப்பதால் அது ஹராம் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். அடுத்து, ஹலாலான மாற்று ஊசி இல்லை, போடாவிட்டால் ஆபத்து உண்டு என்று நம்பகமான நிபுணர்கள் கூறியிருக்கிறார்கள். ஆகவே நிர்ப்பந்த நிலையில் இதை உபயோகிப்பது ஆகும் என்றும் அறிவித்தார்கள். முதல் பாதியை மட்டும் கைபேசியில் பரப்பி இரண்டாம் பாதியை மறைப்பவர், அறிந்தோ அறியாமலோ ஃபத்வாவைத் திரிக்கிறார்.

ரமலான் மாதத்தில் பள்ளியில் ஊசி போட வந்தால் என்ன செய்வது? தோளில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. வயது வந்த பெண் பிள்ளைக்குப் பெண் செவிலியரே போடும்படி கேட்டுக் கொள்ளலாம்.

பிள்ளை எதற்காக ஊசி போட்டுக்கொள்கிறது?

தட்டம்மையை நம் தாய்மார்கள் மணல்வாரி என்பார்கள். வந்தால் வேப்பிலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று லேசாக எண்ணிவிடுகிறார்கள். காப்பில்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பக்கூடும். அதிலிருந்து நிமோனியா வரும்; ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வரும். ரூபெல்லா பிள்ளைக்கு லேசான நோயே. ஆனால் அது கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றிலுள்ள சிசு கண் பார்வையின்றியும், காது கேளாமலும், இருதயக் கோளாறோடும் பிறக்கலாம். பத்து வயதுப் பையனுக்குப் போடும் ஊசி அடுத்த வீட்டுத் தங்கச்சியின் கருவைக் காக்கிறது.

ஊசி எல்லோரையும் நூற்றுக்கு நூறு காக்குமென்று யாரும் சொல்லவில்லை. தட்டம்மைக்கு இரண்டு தவணையும் போட்ட நூறு பேரில் சுமார் 97 பேருக்குக் காப்புக் கிடைக்கிறது. மீதி மூவரையும், ஊசி போட முடியாத நோயாளிப் பிள்ளையையும், ஒன்பது மாதம் நிரம்பாத கைக்குழந்தையையும் யார் காப்பது? சுற்றியுள்ளவர்களின் காப்பே அவர்களுக்கு வேலி. நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் தட்டம்மைக்கு எதிராக அந்த வேலி நிற்கும் என்பது மருத்துவர்களின் கணக்கு. பிறருக்குத் தீங்கு செய்யாதிருத்தல் என்ற மார்க்க விதி இவ்விடத்தில் நம் வாசலுக்கே வந்து நிற்கிறது.

வேலி அறுந்த இடத்தை நம் அண்டையிலேயே கண்டோம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2015, 2016 ஆண்டுகளில் தொண்டை அடைப்பான் நோய் தலைகாட்டி மாணவர் சிலரின் உயிரைக் கொண்டுபோயிற்று. 2022-ன் இறுதியில் மும்பையின் கோவண்டி முதலிய நெருக்கடியான பகுதிகளில் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் இறந்தனர். அங்கே நோய்க்கு இலக்கானவர்களில் மிகப் பலர் ஊசி போடாத பிள்ளைகள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் மத்திய சட்டம் எதுவும் இல்லை. தட்டம்மை-ரூபெல்லா முகாமை டில்லிப் பள்ளிகளில் நடத்தும் விஷயத்தில், பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று டில்லி உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறியது. எவரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று உச்சநீதிமன்றம் 2022 மே 2-ம் தேதி கொரோனா ஊசி வழக்கில் தீர்ப்பளித்தது. பொது ஆரோக்கியத்துக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் அதிலேயே சொன்னது. ஆகவே பள்ளிச் சீட்டில் சம்மதம் கேட்பது வெறும் சடங்கல்ல, பெற்றோருக்குள்ள உரிமை. உரிமை உள்ள இடத்தில் விசாரணையும் உண்டு. ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றிக் கேட்கப்படுவார் என்பது நபிமொழியின் கருத்து.

வெளிநாட்டில் குடும்பத்தோடு வாழும் நம்மவர் நிலை வேறு. சிங்கப்பூரில் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஆகிய இரண்டுக்கும் ஊசி சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் பள்ளியில் சேர்க்க ஊசிச் சான்று கேட்கும் சட்டம் மாநிலந்தோறும் உண்டு. மருத்துவக் காரணத்துக்கான விலக்கு அங்கே எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. மதக் காரணம் காட்டும் விலக்கு பல மாநிலங்களில் உண்டு. கலிபோர்னியா 2015-லும் நியூயார்க் 2019-லும் சட்டமியற்றி அதை நீக்கிவிட்டன. அங்கே போகும் குடும்பம் பயணத்துக்கு முன்பே பிள்ளையின் ஊசி அட்டையை ஒழுங்குபடுத்திக் கொள்வது நலம்.

இங்கேதான் நாம் நடுங்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஊசியில் பயம் உள்ளவர் "பயமாயிருக்கிறது" என்று எழுதாமல் "இஸ்லாம் தடுக்கிறது" என்று விலக்குப் படிவத்தில் எழுதினால் அது என்ன? நாவு போன போக்கில் இது ஹலால், இது ஹராம் என்று கூறி அல்லாஹ்வின் மீது பொய்யை இட்டுக்கட்டுவதை ஸூரத்துந் நஹ்லின் 116-ம் வசனம் கண்டிக்கிறது. போடாத ஊசியைப் போட்டதாகப் பொய்ச் சான்று வாங்கிக் கொடுப்பதும் சிலரிடம் உண்டு. பொய்ச் சாட்சி பெரும்பாவங்களில் ஒன்றென்பதை நாம் அறிவோம். பயம் குற்றமல்ல, சந்தேகமும் குற்றமல்ல. அவற்றுக்கு மார்க்கத்தின் உடையைப் போர்த்துவதுதான் குற்றம்.

உண்மையான விலக்கு யாருக்கு?

நோயாளிக்கும் முஸாஃபிருக்கும் நோன்பில் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. மருத்துவத்திலும் சலுகைக்கு இடமுண்டு. முன்பு ஒரு தவணை போட்டபோது மூச்சுத் திணறல், மயக்கம் போன்ற கடும் ஒவ்வாமை கண்ட பிள்ளைக்கு அந்த ஊசியை மறுபடி போடக்கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சையிலோ வேறு காரணத்தாலோ எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போன்ற உயிர்க்கிருமி ஊசிகள் ஆகா. கர்ப்பிணிக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடுவதில்லை. கடும் காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்குக் குணமானபின் போட வேண்டும்.

லேசான சளி, இருமல், சிறு வயிற்றுப்போக்கு, மெலிந்த உடம்பு, மருந்து சாப்பிட்டுக் கொண்டிருப்பது ஆகியவை விலக்குக்குரிய காரணங்கள் அல்ல. மெலிந்த பிள்ளைக்குத்தான் தட்டம்மை வந்தால் ஆபத்து அதிகம்.

வதந்தி செய்த வேலை

பிள்ளை பிறக்காமற் போகும் என்ற பேச்சு புதிதல்ல. நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003-ல் இதே பேச்சினால் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டு இந்தோனேசியாவில் தயாரான மருந்தை ஏற்று மீண்டும் தொடங்கினார்கள். அதற்குள் அங்கிருந்து கிளம்பிய கிருமி நாடு நாடாகப் பரவி 2005-ல் இந்தோனேசியாவையே எட்டிப் பிள்ளைகளை முடமாக்கியது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்திலும் அவ்வதந்தி பரவியது. ஆலிம்களும் இமாம்களும் மிம்பரிலிருந்தே விளக்கம் சொன்னார்கள். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோக் கிருமியால் ஒரு பிள்ளையும் முடமாகவில்லை. சொட்டு மருந்து குடித்த அன்றைய பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகித் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். வதந்திக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்றொரு பேச்சும் உண்டு. 1998-ல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பவர் 12 பிள்ளைகளைக் கொண்டு எழுதிய ஒரு கட்டுரையே அதன் மூலம். அதை வெளியிட்ட லான்செட் பத்திரிகை 2010-ல் அதை வாபஸ் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் அவ்வாண்டே ரத்தானது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைக் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வு, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று கண்டது. ஆயினும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குடியேறிய சோமாலிய முஸ்லிம்களிடையே அப்பேச்சு புகுந்தது. அவர்களின் இரண்டு வயதுப் பிள்ளைகளில் 2004-ல் நூற்றுக்கு 92 பேர் ஊசி போட்டிருந்தனர். 2014-ல் அது 42 ஆகச் சரிந்தது. 2017-ல் அங்கே தட்டம்மை பரவி 70-க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்தச் சமுதாயத்தின் பிள்ளைகளே.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. சீட்டு வந்த அன்றே படியுங்கள். எந்த நோய்க்கு, எந்த ஊசி, யார் போடுகிறார்கள் என்று தலைமை ஆசிரியரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2. பிள்ளையின் ஊசி அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்து போயிருந்தால் ஊசி போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் கேட்டுப் பாருங்கள். தனியார் டாக்டரிடம் போட்டிருந்தால் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

3. விட்டுப்போன தவணை இருந்தால் வெட்கப்பட வேண்டாம். தாமதமானாலும் எவற்றைப் போடலாம் என்று டாக்டர் சொல்வார். அரசு நிலையங்களில் அட்டவணைப்படியான ஊசிகள் இலவசம்.

4. ஒவ்வாமையோ நாள்பட்ட நோயோ இருந்தால் சீட்டிலேயே எழுதுங்கள்; டாக்டரின் கடிதத்தையும் இணையுங்கள்.

5. ஊசி அன்று பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார வைக்கச் சொல்லுங்கள். கை வலியும் இலேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் தீரும். தட்டம்மை ஊசிக்குப் பின் ஒரு வாரம் பத்து நாளில் சிறு காய்ச்சலோ தடிப்போ வரலாம். மூச்சுத் திணறல், வலிப்பு கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

6. மார்க்கச் சந்தேகத்தை ஆலிமிடமும் மருத்துவச் சந்தேகத்தை டாக்டரிடமும் கேளுங்கள். கைபேசியில் வந்த செய்தியை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற எச்சரிக்கை ஹதீஸில் உண்டு.

7. எல்லாம் விசாரித்த பின்னும் மனம் ஒப்பவில்லையென்றால், உங்கள் பெயரில் உங்கள் காரணத்தை எழுதுங்கள். மார்க்கத்தின் பெயரை எழுதாதீர்கள்.

ஒரு சமையற்காரரின் சரித்திரம்

சோமாலியாவின் மெர்கா நகரத்து மருத்துவமனையில் அலி மாவ் மாலின் என்ற முஸ்லிம் இளைஞர் சமையற்காரராக இருந்தார். பெரியம்மைக்கு ஊசி போட வந்தபோது, வலிக்குமென்று பயந்து அவர் நழுவிவிட்டார். 1977 அக்டோபரில், நோயாளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறிச் சென்றார். சிறிது நேரப் பயணந்தான். அதில் பெரியம்மை அவரைப் பிடித்தது. அவர் பிழைத்துக் கொண்டார். இயற்கையாகப் பெரியம்மை கண்ட உலகின் கடைசி மனிதர் அவரே. 1980-ல் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

பிற்காலத்தில் அவர் போலியோ மருந்து கொடுப்போருடன் தொண்டராகச் சேர்ந்து, வீடு வீடாகச் சென்று, தாம் ஊசிக்குப் பயந்து ஓடிய கதையைத் தாய்மார்களிடம் தாமே சொன்னார். 2013-ல் அப்பணியின்போதே மலேரியாக் காய்ச்சலில் மரணமடைந்தார். பயந்தவர் தம் பயத்தை மறைக்கவில்லை. அதன்மேல் மார்க்கத்தின் பெயரையும் எழுதவில்லை. உண்மையைச் சொன்னார், அது பலருடைய பிள்ளைகளுக்குப் பயன்பட்டது.

ஆகவே, அடுத்த முறை அந்தச் சீட்டு உங்கள் கைக்கு வரும்போது, வாப்பும்மாவையும் மாமாவையும் உட்கார வைத்து நிதானமாகப் பேசுங்கள். துபாயிலிருக்கும் வாப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். பிறகு பிஸ்மி சொல்லிப் பேனாவை எடுங்கள்.

பிள்ளைகள் நம் உடைமையல்லர். வல்ல நாயன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவ்வமானிதத்தை அறிவோடும் உண்மையோடும் பேணிக்காக்க நம் அனைவருக்கும் அவன் தௌஃபீக் செய்வானாக! நம் பிள்ளைகளுக்கும் அண்டை அயலார் பிள்ளைகளுக்கும் ஆஃபியத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக! ஆமீன்.